எலக்ட்ரிக் கிட்டாருக்கு மரமும் எலும்பும் சேர்ந்த பிரிட்ஜ்: பினாங்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரிக் கிட்டாரின் பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பாகம்) என்றாலே உலோகம்தான் என்று இன்று தோன்றுகிறது. ஆரம்பத்தில் அப்படி இல்லை. கிப்சன் நிறுவனம் 1936-இல் வெளியிட்ட இஎஸ்-150 கிட்டாரில் கம்பிகள் மர பிரிட்ஜின் மேல்தான் நின்றன. 1954-இல் லெஸ் பால் கஸ்டமுடன் டியூன்-ஓ-மேட்டிக் என்ற பிரிட்ஜ் வந்த பிறகுதான் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக நகரும் உலோக சேடில் (கம்பி தொட்டு நிற்கும் துண்டு) பரவலானது. அதே 1950-களில் டேன்எலக்ட்ரோ கிட்டார்களில் ஒரு உலோகத் தகட்டின் மேல் ரோஸ்வுட் குச்சி ஒன்று, அவ்வளவுதான் சேடில். அந்தக் கிட்டார்களின் ஒலியை இன்றும் தேடி அலைகிறவர்கள் உண்டு.

மர பிரிட்ஜ் போட்டால் என்ன மாறும்? டியூன்-ஓ-மேட்டிக் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. தண்ணீரைவிட ஆறரை மடங்கு அடர்த்தி. நல்ல கனமான மரம் தண்ணீருக்குக் கொஞ்சம் கீழே அல்லது மேலே. எலும்பு சுமார் இரண்டு மடங்கு. பிரிட்ஜ் இலேசாகிறது, மரம் உயர் அதிர்வுகளைக் கொஞ்சம் விழுங்குகிறது. மீட்டிய நொடியில் வரும் அந்த உலோகச் சிலிர்ப்பு குறைந்து, ஒலி உருண்டு வரும். ஸ்வரம் நீளமாக நிற்பது கொஞ்சம் குறையலாம். மெல்லிசைப் பாடல்களின் இடையிசை, பஜனைக்குத் துணை, ஜாஸ் கார்ட்ஸ் வாசிப்பவர்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். முழு டிஸ்டார்ஷனில் வாசிப்பவர் இத்தனை உழைப்பைப் போட வேண்டியதில்லை. அங்கே பிக்கப்பும் ஆம்பும்தான் பேசும்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த மரம் நல்லது?" என்றுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். கம்பி எந்தப் புள்ளியில், எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் தொட்டு நிற்கிறது என்பது சரியாக இருந்தால் ரப்பர் மரத்துண்டுகூடப் பாடும். அது தவறினால் நூறு வருடக் கருங்காலியும் உதவாது.

எந்தக் கிட்டாருக்குச் செய்யலாம்

இரண்டு தூண்களில் நிற்கும் டியூன்-ஓ-மேட்டிக் வகைதான் இதற்கு மிக எளிது. பழைய பிரிட்ஜைக் கழற்றி, அதே தூண்களில் புதியதை உட்கார வைக்கிறோம். கிட்டாரில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். உள்ளீடற்ற ஆர்ச்டாப் கிட்டாருக்கும் செய்யலாம். ஆனால் அடிப்பாகத்தை மேல்பலகையின் வளைவுக்கு ஒட்டத் தேய்ப்பது தனி வேலை.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை ட்ரெமலோ உள்ளதை விட்டுவிடுங்கள். அங்கே பிரிட்ஜே கம்பியைத் தாங்கும் இயந்திரம். மரத்தில் செய்தால் உடையும்.

இந்த வழிகாட்டி இரண்டு தூண் வகைக்கானது. வடிவம் இதுதான்: மரத்தில் ஒரு கட்டை, அதன் நடுவில் ஒரு காடி, காடிக்குள் 6 மி.மீ. தடிமனுள்ள ஒற்றை எலும்புத் துண்டு.

அளவெடுப்பது

ஒரு வெர்னியர் காலிப்பர் கட்டாயம் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் வெர்னியர் போதும்.

முதலில் ஸ்கேல் நீளம். நட்டின் (தலைப்பக்கம் கம்பிகள் பதிந்து நிற்கும் பட்டை) உள்விளிம்பிலிருந்து 12-ஆவது ஃபிரெட்டின் (விரல்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) நடுப்பகுதி வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஃபெண்டர் வகையில் 648 மி.மீ., கிப்சன் வகையில் 628 மி.மீ.க்குச் சற்றுக் கீழே வரும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல் நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அடுத்து தூண்களின் இடைவெளி, மையத்திலிருந்து மையத்துக்கு. பழைய கிப்சன் வகையில் 74 மி.மீ.க்கு அருகில் இருக்கும். தூணின் விட்டத்தையும் அளந்து வையுங்கள். பழைய வகைத் தூண் சுமார் 3.5 மி.மீ.; புதிய வகைகளில் தடிமனாக இருக்கும்.

முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் பிரிட்ஜில் உள்ள தூரம் பெரும்பாலும் 50 முதல் 52 மி.மீ. அப்புறம், இப்போதுள்ள பிரிட்ஜில் கம்பி வசதியான உயரத்தில் இருந்தால், உடலின் மேற்பரப்பிலிருந்து ஒவ்வொரு கம்பியின் அடிப்பகுதி வரை அளந்து எழுதி வையுங்கள். இந்த ஆறு எண்கள் பின்னால் பெரிய உதவி.

கடைசியாக விரல்பலகையின் வளைவு. ஃபெண்டரின் பழைய கிட்டார்களில் 184 மி.மீ. ஆரம், புதியவற்றில் 241 மி.மீ., கிப்சனில் 305 மி.மீ. பிரிட்ஜின் மேல்விளிம்பும் இதே வளைவில் இருக்க வேண்டும். 50 மி.மீ. அகலத்தில் 305 ஆரத்துக்கு நடுப்பகுதி ஓரங்களைவிட 1 மி.மீ. உயரம், 241-க்கு 1.3, 184-க்கு 1.7. எண் சின்னது, ஆனால் விரலுக்கு நன்றாகவே தெரியும்.

தாளில் வரைவது

இனி ஒன்றுக்கு ஒன்று அளவில் வரையுங்கள். மேலிருந்து ஒரு படம், முன்னிருந்து ஒரு படம். அகலம் 14 மி.மீ., நீளம் 90 மி.மீ., கட்டையின் உயரம் 10 மி.மீ. தூண்களுக்கான துளைகள் இரண்டு ஓரங்களில். நடுவில் 60 மி.மீ. நீளம், 6 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழத்தில் எலும்புக்கான காடி. எலும்பின் மொத்த உயரம் 9 அல்லது 10 மி.மீ. பாதியாவது மரத்துக்குள் இருக்கட்டும். இல்லையென்றால் கம்பியின் இழுப்பில் முன்பக்கமாகச் சாயத் தொடங்கும்.

காடிக்கு அடியில் குறைந்தது 5 மி.மீ. மரம் மிஞ்ச வேண்டும். இதற்குக் கணக்கு இருக்கிறது. 10-46 கம்பித் தொகுப்பு (முதல் கம்பி 0.010 அங்குலம், ஆறாவது 0.046 அங்குலம்) 628 மி.மீ. ஸ்கேலில் மொத்தம் ஏறக்குறைய 44 கிலோ இழுக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் கம்பி 10 பாகை இறங்கினால், அதில் 7, 8 கிலோ கீழ்நோக்கி அழுத்தும். நாள் முழுதும், வருடம் முழுதும் அழுத்தும். கனமான மரம் 5 மி.மீ. இருந்தால் அசராமல் தாங்கும். மர இழை கட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும், அதில் சமரசம் கூடாது.

தூண் துளையில் மரத்தை நேராக உட்கார வைக்காதீர்கள். வெளிவிட்டம் 5, உள்விட்டம் 4 மி.மீ. உள்ள பித்தளைக் குழாய்த் துண்டை ஒட்டிவிடுங்கள் (3.5 மி.மீ. தூணுக்கு இது சரி). தூணில் பிரிட்ஜின் உயரத்தை மாற்றும் திருகுச் சக்கரம் தொடும் இடத்தில் மெல்லிய பித்தளை வாஷர். இவை இல்லாத மர பிரிட்ஜில் சில மாதங்களில் துளை முட்டை வடிவமாகி, கட்டை முன்னும் பின்னும் ஆடும். டியூனிங் நிற்காது.

மரம்

மலேசியாவில் இருப்பவர்களுக்கு இது ஒரு கொடுப்பினை. செங்கால் மரத்தை நினைத்துப் பாருங்கள். படகுக்கும் வீட்டுத் தூணுக்கும் போட்ட மரம், ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் நிறுக்கும். ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும் வேலை ஓயவில்லை. உத்தரம், சட்டம், கதவுநிலை என்று கழிக்கப்படும் துண்டுகளில் நல்ல கடினமரம் வரும். பல பத்தாண்டு காய்ந்து அடங்கிய மரம் அது. நமக்கு வேண்டியது ஒரு சாணுக்கும் குறைவான துண்டு. ஒப்பந்தக்காரரிடம் "அண்ணே, ஒரு சின்னத் துண்டு" என்று கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார். லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் உடைந்த நாற்காலிக் கால், கைப்பிடி என்று தேடிப் பார்ப்பதும் வீண் போகாது.

மெர்பாவ் மரமும் நல்லதுதான், ஆனால் தண்ணீர் பட்டால் பழுப்புச் சாயம் கக்கும். வெள்ளைக் கிட்டாரில் வேண்டாம். ரோஸ்வுட் வாங்குவதாக இருந்தால், 2017 ஜனவரியிலிருந்து அந்த இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு வந்தது, வெறும் கட்டைக்கு அது பொருந்தாது. உள்ளூர்க் கடையில் வாங்குவதில் சிக்கல் இல்லை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும்போது பத்திரம் கேட்பார்கள்.

எந்த மரமானாலும் ஈரம் போயிருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றே ஈரம். தோராயமாக வெட்டிய துண்டைக் கிட்டார் இருக்கும் அறையிலேயே வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் காடி போட வேண்டும். பகலெல்லாம் ஜன்னல் திறந்து, இரவில் ஏர்கான் ஓடும் அறையென்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

எலும்பு

மாட்டின் முன்னங்கால் அல்லது பின்னங்காலின் நீள எலும்பு வேண்டும். சூப் துலாங்குக்கு வாங்கும் அதே எலும்புதான், ஆனால் சூப் வைத்த பிறகு அதை எடுக்காதீர்கள். மணிக்கணக்கில் கொதித்த எலும்பில் உள்ள கொலாஜன் கரைந்து சூப்பில் போய்விடும். மிஞ்சுவது சுண்ணாம்பு மாதிரி உதிரும். பச்சை எலும்பாக, சுவர் தடிமனாக உள்ள நடுப்பகுதியை வாங்கி, இரண்டு முனைகளையும் ஆக்சா பிளேடால் அறுத்து மஜ்ஜையைத் தள்ளிவிடுங்கள். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊற வையுங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதப்பது நிற்கும் வரை தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். கொழுப்பு போகாத எலும்பு பின்னால் மஞ்சளாகி நாறும். மங்கியிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் போடுங்கள். குளோரின் பிளீச் கூடவே கூடாது, எலும்பை அரித்துவிடும். அதன்பின் நிழலில் சில வாரம்.

இவ்வளவு வேண்டாம் என்றால் பதப்படுத்திய எலும்புத் துண்டை இணையக் கடைகளில் வாங்கலாம். நட் செய்வதற்காக 6 மி.மீ. தடிமனில் விற்கிறார்கள். பெரும்பாலானவை 60 மி.மீ. நீளம் இருக்காது, அளவைப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டெலும்பை வீட்டுக்குள் கொண்டுவர மனம் ஒப்பாத குடும்பங்கள் நம்மிடையே நிறைய. கோயில் பஜனையில் வாசிக்கும் கிட்டாருக்கு அது சங்கடமாகவும் இருக்கலாம். எருமை எலும்பு கிடைக்கிறது. எலும்பே வேண்டாம் என்றால் வைரம் பாய்ந்த கருங்காலியில் அதே 6 மி.மீ. துண்டு செய்து காடியில் வையுங்கள். எலும்பு கொஞ்சம் பளிச்சென்று ஒலிக்கும், கருங்காலி கொஞ்சம் அடங்கி ஒலிக்கும். இரண்டில் எது உயர்ந்தது என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. வாசிப்பவரின் காது முடிவு செய்யட்டும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். எலும்பைத் தேய்க்கும்போது என்95 மாஸ்க் போடுங்கள், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், சமையலறையில் செய்யாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. செங்கால், மெர்பாவ் தூளும் மூக்கை உறுத்தும்.

முதலில் ரப்பர் மரம்

நல்ல துண்டில் கை வைக்கும் முன், நாற்காலிக் கடைகளில் குப்பையாகக் கிடக்கும் ரப்பர் மரத்தில் இதே பிரிட்ஜை ஒருமுறை செய்யுங்கள். எலும்புக்குப் பதில் ஏதாவது கடினமரத் துண்டு. அழகு தேவையில்லை. கம்பி மாட்டி, உயரம் சரியாக வருகிறதா, கம்பி பிக்கப்பின் காந்தங்களுக்கு நேராகப் போகிறதா, தூண்துளை இறுகாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். படத்தில் உள்ள எண்களை இந்த ஒத்திகை திருத்தும். 12-ஆவது ஃபிரெட்டில் கம்பி அரை மி.மீ. உயர வேண்டும் என்றால் பிரிட்ஜ் ஒரு மி.மீ. உயர வேண்டும்; அந்த ஃபிரெட் கம்பியின் நடுவில் இருப்பதால் இந்த இரட்டிப்பு. ஆறாவது கம்பி 12-ஆவது ஃபிரெட்டின் மேல் 2 மி.மீ., முதல் கம்பி 1.6 மி.மீ. என்பது நல்ல தொடக்கம்.

கட்டையை உருவாக்குவது

இழைத்துச் சதுரமாக்கிய கட்டையில் துளைகளை முதலில் போடுங்கள், வடிவத்தைப் பிறகு வெட்டுங்கள். சதுரமாக இருக்கும்போதுதான் கட்டை மேசையில் நேராக உட்காரும். கையில் பிடிக்கும் டிரில் இதற்கு ஆகாது. துளை ஒரு பாகை சாய்ந்தாலும் பிரிட்ஜ் தூணில் இறங்காது. நிற்கும் டிரில் பிரஸ் உள்ள மரப்பட்டறையில் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.

காடிக்கு இரண்டு ஓரக் கோடுகளையும் கத்தியால் ஆழமாகக் கீறி, இடையில் 5 மி.மீ. பிட்டால் வரிசையாக ஆழம் பார்த்துத் துளைத்து, மீதியை உளியால் எடுங்கள். அடிப்பாகம் தட்டையாக இருப்பது முக்கியம். எலும்புக்கும் காடிக்கும் நடுவில் காற்று இருந்தால் அந்தக் கம்பி மட்டும் செத்து ஒலிக்கும். எலும்பு கைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. ஒட்ட வேண்டாம், தேய்ந்தால் மாற்ற வேண்டியிருக்கும்.

அதன்பின் ஓரங்களைச் சரித்து, நடுவில் சற்றுப் புடைத்து, உங்களுக்குப் பிடித்த உருவம் கொடுங்கள். உள்ளங்கையின் ஓரம் உரசும் இடம் இது. கூர்முனை எதுவும் மிஞ்சாமல் 400 எண் உப்புத்தாள் வரை போங்கள்.

கம்பியின் புள்ளியைக் கண்டுபிடிப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கம்பியை ஃபிரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் நீள்கிறது, இழுப்பு கூடி ஸ்வரம் ஏறுகிறது. கம்பியின் விறைப்பும் சேர்ந்துகொள்ளும். இதை ஈடுகட்ட ஒவ்வொரு கம்பியும் கணக்கு நீளத்தைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். எவ்வளவு என்பது கம்பியைப் பொறுத்தது. 10-46 தொகுப்புக்கு முதல் கம்பி 1 மி.மீ. அளவில், இரண்டாவது 2, மூன்றாவது 3, நான்காவது மறுபடி 2, ஐந்தாவது 3, ஆறாவது 4 என்று தொடங்கலாம். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு ஏன் திடீரென்று குறைகிறது? மூன்றாவது கம்பி 0.43 மி.மீ. முழு எஃகு. நான்காவது தடித்ததாகத் தெரிந்தாலும் அதன் உள்ளே இருக்கும் மையக் கம்பி மெல்லியது, வெளியே சுற்றிய கம்பி விறைப்பைக் கூட்டுவதில்லை. அதனால்தான் மேலிருந்து பார்த்தால் பிரிட்ஜின் தொடுகோடு படிக்கட்டு மாதிரி முன்னும் பின்னும் போகிறது.

தூண்கள் ஏற்கெனவே சாய்வாக நடப்பட்டவை, ஆறாவது கம்பிப் பக்கம் பின்னால் இருக்கும். மீதி வித்தியாசத்தை 6 மி.மீ. எலும்புக்குள்ளேயே கொடுத்துவிடலாம்.

முதலில் எலும்பின் மேல்பக்கத்தை வளைவுக்குத் தேய்த்து, முன்னிருந்து பின் வரை தட்டையாக விடுங்கள். கம்பிகளை மாட்டி முழு டியூனிங்குக்கு ஏற்றுங்கள். பழைய மூன்றாவது கம்பியிலிருந்து 4 மி.மீ. நீளத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொரு கம்பிக்கும் எலும்புக்கும் இடையில் குறுக்காகச் செருகுங்கள். இனி அந்தத் துண்டுதான் தற்காலிக சேடில். 12-ஆவது ஃபிரெட்டில் ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) தட்டி, அப்புறம் அதே இடத்தில் அழுத்தி வாசித்து, டியூனரில் இரண்டையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் துண்டைப் பின்னால், இறங்கியிருந்தால் முன்னால், பல்குச்சியால் தள்ளுங்கள். 1 மி.மீ. நகர்த்தினால் சுமார் 2.7 சென்ட் மாறும். ஓர் அரைச்சுரம் 100 சென்ட். ஒவ்வொரு முறையும் மறுபடி டியூன் செய்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். புதுக் கம்பியில் பாருங்கள், பழைய கம்பி பொய் சொல்லும். ஒத்துவந்ததும் கூர்மையான பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு.

ஆறு கோடுகளும் கிடைத்த பிறகு கம்பிகளை இறக்கி, ஒவ்வொரு கோட்டையும் உச்சியாக வைத்து முன்னும் பின்னும் சிறு அரத்தால் சரியுங்கள். கோட்டைத் தொடாதீர்கள், அதுதான் தொடுபுள்ளி.

இங்கே வீணையையும் தம்பூராவையும் அறிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீணைக் குதிரையின் மேலுள்ள உலோகத் தகடு அகலமானது, மெல்ல வளைந்தது. கம்பி அதை உரசியபடி அதிர்வதால்தான் அந்த ரீங்காரம். தம்பூராவில் ஜீவா நூல் செருகுவதும் அதற்கே. கிட்டாரில் அகலமான தட்டையான சேடில் வைத்தால் அதே ரீங்காரம் வரும், ஆனால் ஸ்வரம் தெளிவில்லாமல் போகும். அந்த ஒலியையே வேண்டி 1967-இல் கோரல் எலக்ட்ரிக் சிதார் என்ற கருவி வந்தது. உங்களுக்கு வேண்டியது தெளிவான கிட்டார் ஒலி என்றால், கம்பி எலும்பை விட்டு விலகும் விளிம்பு சுத்தமாக இருக்கட்டும்.

கம்பிக்கான வெட்டுகளும் அப்படியே. தடித்த கம்பிகள் பாதி விட்டம் அளவுக்கு உள்ளே உட்கார்ந்தால் போதும், மெல்லியவை இன்னும் குறைவாக. வெட்டின் தரை பிக்கப் பக்கம் உயர்ந்து, டெயில்பீஸ் (கம்பிகளின் பின்முனையைப் பிடிக்கும் பாகம்) பக்கம் சரிய வேண்டும். ஆழம் கூடிவிட்டால் எலும்புத்தூளை அதில் நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, காய்ந்ததும் மறுபடி வெட்டலாம். கடைசியில் 1000, 2000 எண் உப்புத்தாள், அப்புறம் பருத்தித் துணி. எலும்பு தானே பளபளக்கும்.

எர்த் கம்பி

உலோக பிரிட்ஜை எடுத்துவிட்டு மரம் வைக்கும்போது பலர் மறப்பது இதை. எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகள் மின்சுற்றின் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். அதனால்தான் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குகிறது. சில கிட்டார்களில் அந்த ஒயர் பிரிட்ஜ் தூணில்தான் முடிகிறது. மரமும் எலும்பும் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே தொடர்பு அறுந்து, 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஓயாமல் வரும். ஒயரை டெயில்பீஸின் தூணுக்கு மாற்றுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை ஜாக்கின் வெளிப்பகுதியிலும் வைத்தால் பீப் கேட்க வேண்டும்.

பூச்சும் பராமரிப்பும்

தடித்த வார்னிஷ் வேண்டாம். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இரண்டு முறை, துடைத்துத் துடைத்து. காடிக்குள்ளும் துளைக்குள்ளும் எண்ணெய் போகக்கூடாது.

முதல் இரண்டு வாரம் பிரிட்ஜ் தன் இடத்தில் அமரும்; கம்பி நிற்கும் உயரமாகிய ஆக்‌ஷனைத் தினமும் பாருங்கள். அப்புறம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பினாங்கில் மழை கொட்டும் காலத்தில் ஒருமுறை, ஜனவரி பிப்ரவரி வெயிலில் ஒருமுறை சரிபார்த்தால் போதும். 10 மி.மீ. மரம் ஈரத்தில் ஊதுவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். கவனிக்க வேண்டியது காடியின் பிடிமானம், துளையருகே நூல்போல ஓடும் விரிசல்.

பென்சில் கோடுகளோடு எலும்பின் மேல்பக்கத்தை ஒரு அட்டையில் படியெடுத்து, எந்தக் கம்பித் தொகுப்புக்கு, எந்த டியூனிங்குக்கு அளந்தது என்று எழுதிக் கிட்டார் பெட்டியில் போட்டு வையுங்கள். 10-46 தொகுப்பை 11-49 ஆக்கினால் மூன்றாவது கம்பியின் புள்ளி முதலில் விலகும். மூன்றாவதைச் சுற்றுக் கம்பியாக மாற்றினால் அந்தக் கோடு ஒரு மி.மீ.க்கு மேல் முன்னால் வரும். அதற்குப் பழைய எலும்பைச் சிதைக்காமல் புது எலும்பு ஒன்று செய்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.